ரனியேரியை அனுப்பிவிட்டார்கள்

பிப்ரவரி 24, 2017

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லெஸ்டர் சிட்டி தன் பயிற்சியாளர் க்ளாடியோ ரனியேரியை நீக்கிவிட்டது. போன மே மாதம் அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் கோப்பையை வாங்கிக்கொடுத்த மனிதர். ஐயாயிரத்துக்கு ஒன்று என்று பந்தயம் கட்டுகிற இடங்களில் ஒதுக்கப்பட்ட அணியை 81 புள்ளிகளோடு முதலிடத்தில் நிறுத்தியவர். ஒன்பது மாதம்தான் தாங்கியது அந்த மரியாதை.

இந்த சீசன் கணக்கு மோசம்தான், மறுக்கவில்லை. 25 ஆட்டங்களில் 21 புள்ளிகள், 20 அணிகளில் 17ஆம் இடம்; இன்னும் ஒரு படி சறுக்கினால் கீழ் லீக்குக்கு இறங்கும் இடம். இந்த வருடம் பிறந்ததிலிருந்து லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. எஃப்.ஏ. கோப்பையில் மூன்றாம் நிலை லீக் அணியான மில்வாலிடம், அதுவும் பத்துப் பேராகச் சுருங்கிப்போன மில்வாலிடம் தோற்றார்கள். சரி. ஆனால் நடுக்களம் முழுக்க ஒற்றை ஆளாக ஓடித் தீர்த்த கான்டே செல்சீக்குப் போனபின் அந்த ஓட்டையை யார் அடைத்தார்கள்? இதே மாதம் 7ஆம் தேதி பயிற்சியாளருக்கு அசையாத ஆதரவு என்று அறிக்கை விட்டதும் இதே கிளப்தானே?

புதன்கிழமை ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்பெயின் அணி செவியாவிடம் 2-1 தோல்வி. அதிலும் நம் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் ஒரு பெனால்டியைத் தடுத்தார், வார்டி ஒரு கோல் போட்டார். அடுத்த ஆட்டம் சொந்த மைதானத்தில்; இரண்டு ஆட்டமும் சேர்த்து கோல்கள் சமமானால் எதிரணி மைதானத்தில் போட்ட கோல் கைகொடுக்கும், அதனால் 1-0 போதும். அந்த ஒரு ஆட்டத்தையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

அதே நாள், இரவு

ரனியேரி அறிக்கை வந்திருக்கிறது. நேற்று தன் கனவு செத்துவிட்டது என்கிறார். படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. லெஸ்டரில் பிறந்து அங்கேயே ஆடிய முன்னாள் வீரர் லினெக்கர் கண்ணீர் விட்டதாகச் சொல்கிறார். மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் மொரீன்யோ சட்டையில் ரனியேரியின் முதலெழுத்துகளோடு செய்தியாளர்கள் முன் உட்கார்ந்தார்.

பிப்ரவரி 26

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். நன்றி வேறு, பிழைப்பு வேறு என்கிறது ஒரு பக்கம். அவர்கள் பயமும் புரிகிறது. நடப்பு சாம்பியனாக இருந்து கீழ் லீக்குக்கு இறங்கியது 1938இல் மான்செஸ்டர் சிட்டி மட்டும்தான். அந்த வரிசையில் இரண்டாவதாக நிற்க யாருக்கு ஆசை?

இன்னொரு பக்கத்தின் கோபம் ஆட்டக்காரர்கள்மேல். அவர்களே சேர்ந்து ஆளைக் கவிழ்த்தார்கள் என்று பேச்சு. தனக்கு அதில் பங்கில்லை என்று வார்டி மறுத்திருக்கிறார். ஆதாரம் இல்லாமல் பழி போட நான் தயாரில்லை. ஆனால் போன சீசனில் பந்துக்காக உயிரைக் கொடுத்த அதே கால்கள் இந்த சீசனில் எப்படி ஓடின என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

பிப்ரவரி 28

லிவர்பூலை 3-1 என்று அடித்துவிட்டார்கள்! வார்டிக்கு இரண்டு. டிரிங்க்வாட்டர் தூரத்திலிருந்து, பந்து தரையில் படும்முன் விட்ட உதை இருக்கிறதே, அப்படியே வலைக்குள். துரத்தல், மறிப்பு, பந்து பறித்ததும் பாய்ச்சல், எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அதுதான் வயிற்றெரிச்சல். இப்போது பொறுப்பில் இருக்கும் க்ரெய்க் ஷேக்ஸ்பியர் புதிதாக வந்தவர் இல்லை; ரனியேரிக்கு உதவியாளராக இருந்தவர். அதே ஆட்டக்காரர்கள், பழைய ஆட்டமுறை. அப்படியானால் இந்த ஓட்டம் போன வாரம் எங்கே போயிருந்தது?

ரசிகர்கள் ரனியேரி முகமூடியோடு வந்திருந்தார்கள். அவருக்கு வயது 65. ஆட்டத்தின் 65ஆவது நிமிடத்தில் கைபேசி விளக்குகளை உயர்த்திப் பிடித்தார்கள். அப்போது 3-0. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, போனவருக்காக விளக்கேற்றிய கூட்டம் அது. அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

மார்ச் 15

செவியாவை 2-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மோர்கன், ஆல்பிரைட்டன் கோல்கள். ஷ்மைக்கேல் மறுபடியும் ஒரு பெனால்டியைத் தடுத்தார். வீடே அதிரக் கத்தினேன்.

அப்புறம் ஒன்று சொல்லவேண்டும். போர்ட்டோ, கோபன்ஹேகன், ப்ரூஜ் இருந்த குழுவில் முதலிடம் பிடித்துக் கொடுத்தவர் ரனியேரி. செவியாவில் வார்டி அந்தக் கோலைப் போட்டபோதும் கோட்டோரம் நின்றவர் அவர்தான். வெள்ளிக்கிழமை குலுக்கலில் லெஸ்டர் பெயர் வரப்போகிறது என்றால் அதில் பாதிக்கு மேல் அவர் உழைப்பு. கிளப் அதை வாய்திறந்து சொல்லட்டும்.