எல்கேஜி சேர்க்கைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டால்...

மகளுக்கு எல்கேஜி இடம் கிடைத்துவிட்டது. வள்ளியூர் பக்கம், மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபை நடத்தும் நர்சரி. ஆனால் அந்த ஆபீஸ் கிளார்க் மேல் உள்ள எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

போட்டோ, ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாம் கையில் இருந்தன. ஜூலை 31-இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், அதுவும் சரி. ஃபாரத்தைப் புரட்டிய கிளார்க், "ஞானஸ்நான சர்டிபிகேட் எங்க? அது இல்லாம வாங்க மாட்டோம்" என்று திருப்பித் தள்ளினார். "நாங்க சிஎஸ்ஐ சபை சார், எங்க சர்ச் ஊர்ல இருக்கு." "அப்ப ஊருக்குப் போய் வாங்கிட்டு வாங்க." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

லீவு போட்டு, திசையன்விளை பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனால், ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) மீட்டிங்குக்குப் பாளையங்கோட்டை போயிருக்கிறார். ரெஜிஸ்டர் இருக்கும் பீரோ சாவி அவரிடம். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பாவம், மோர் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் ஃபாரத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். பள்ளியின் நம்பிக்கைகளும் நோக்கங்களும். ஒவ்வொரு குழந்தையும் கடவுளின் ஈவு, கிருபை நம் தகுதி பார்த்து வருவதல்ல, எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இங்கே இடமுண்டு. படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது. கிருபைக்குத் தகுதி வேண்டாமாம், கவுண்டருக்கு மட்டும் சர்டிபிகேட் வேண்டுமாம்!

அப்புறம் கிளார்க்கை விட்டுவிட்டு நேரே ஹெச்எம் டீச்சரிடம் போய் அந்தப் பக்கத்தை நீட்டினேன். சிரித்துவிட்டார். அந்தச் சான்று அவர்கள் சபைப் பிள்ளைகளின் கட்டணச் சலுகைக்கு மட்டும்தானாம்! சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும்.

வந்தது வந்தாச்சு என்று மற்றதையும் கேட்டேன். முதல் வருடம் எழுத்து வேலை கிடையாது. கதை, பாட்டு, மணல், விளையாட்டு. பிள்ளைகள் விளையாட்டாகவும் சந்தோஷமாகவும் கற்கலாம் என்று லுத்தரே 1524-இல் நகர சபையாருக்கு எழுதியிருக்கிறாராம். ஒரு பிள்ளை இன்னொன்றை அடித்தால், செய்தது தப்பு என்று தெளிவாகச் சொல்வார்கள். அதோடு விடாமல், மன்னிப்பும் உண்டு என்று சொல்லிச் சேர்த்துவைப்பார்கள். முதல் ஆசிரியர் பெற்றோர்தான், பள்ளி துணைக்கு. 1529-இல் வந்த லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலே வீட்டில் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதியதுதானே என்றார். எழுத்து வேலை இல்லாதது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தல்தான். அடித்த பிள்ளையைக் கையாளும் விதம் மட்டும் ரொம்பப் பிடித்தது.

"நம்ம சிஎஸ்ஐ ஸ்கூல் இருக்க லுத்தரன் எதுக்கு?" என்றார் மாமியார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்து நம்ம சபையை வளர்த்த மிஷனரி ரேனியஸ் ஐயரே லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர் என்றேன். அதற்குமேல் பேச்சில்லை.

போகிறவர்களுக்கு: பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பதிவான 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். வேறு மதத்தவர் ஃபாரத்தில் சமய போதனைக்குச் சம்மதம் கேட்கும் வரியை நன்றாகப் படியுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக்கூடாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. கிளார்க் எந்தப் பேப்பர் கேட்டாலும், "எதுக்கு சார், சேர்க்கைக்கா சலுகைக்கா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.