கஜாவுக்கு அப்புறம் எங்க தோப்பு

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிச்சு, பேராவூரணி பக்கம் வந்து எங்க தோப்புல நின்ன 210 தென்னைல 183ஐ சாய்ச்சிட்டுப் போயிடுச்சு. காலைல அப்பா கதவத் திறந்ததும் பக்கத்து ஊர் கோயில் கோபுரம் தெரிஞ்சுது, அதுவரைக்கும் எங்க வாசல்லேர்ந்து அது தெரிஞ்சதே இல்ல.

நாங்க கடைமடை, கால்வாயோட கடைசிக் கோடி. கல்லணைக் கால்வாய் தண்ணி எங்ககிட்ட வர்றதுக்குள்ள பருவமே தப்பிடும், அதனாலதான் தாத்தா போர்வெல் போட்டு நெல்லு வயலை தென்னையா மாத்துனாரு. 45 நாளைக்கு ஒரு காய் வெட்டு, ஸ்கூல் பீஸ், அக்கா கல்யாணம் எல்லாமே அந்த வெட்டுக் காசுலதான். தண்ணிப் பஞ்சத்துக்குன்னு புடிச்ச வழி காத்துக்குத் தாங்கல. வரப்புல நின்ன பனை ஒண்ணுகூட விழல, அத யாரும் கண்டுக்காம விட்டு வச்சிருந்தோம்.

மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, மொத்தம் 1100 ரூவா அரசாங்கம் குடுத்துச்சு. ஆனா அது மரக்கணக்கு. எங்க தோப்புல இருபது வருஷமா கடப்பாறை நட்டு காய் உரிச்ச அண்ணனுக்கு சொந்தமா ஒரு மரம் கிடையாதே, அவரு என்னத்த வாங்குவாரு? தை பொறந்ததும் குடும்பத்தோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாரு.

நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம், குட்டைத் தென்னை மூணு நாலு வருஷம். அப்பா ரெண்டையும் கலந்து வச்சாரு. தென்னம்பிள்ளை சின்னதா இருக்கறவரைக்கும் தரைல நல்லா வெயில் விழும்ல, அந்த எடத்துல கடலையும் உளுந்தும் போட்டோம், நாலு ஆடு வாங்குனோம், இப்ப நிழல் கட்டுனதும் வாழையும் மிளகும். தென்னை வருமானம் இல்லாத அந்த வருஷங்கள்ல எங்க அடுப்பு எரிஞ்சது அந்தக் கடலையாலதான், இத நான் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன், ஒத்தப் பயிர நம்பாதீங்கன்னு. 2019ல பேராவூரணி பெரிய குளத்த ஊர் பசங்க சேந்து தூர்வாருனாங்க, அதுவும் பெரிய தெம்பு.

நெட்டைல முதல் வெட்டு முடிஞ்சு காய் களத்துல குவிஞ்சு கெடக்கு. அப்பா திருப்பூர் போன அந்த உரிக்கிற அண்ணனுக்கு போன் பண்ணாரு. பையன் அங்கயே பத்தாவது படிக்கிறான், எப்புடிங்கய்யா வர்றதுன்னாரு. உரிக்க ஆள் இன்னும் கெடைக்கல.