பாலைப்பழக் காலத்து லீவு

நான் கிளிநொச்சிப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது தாய்மாரையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற அரசாங்க மருத்துவிச்சி. சனம் மிஸ்ஸி என்று கூப்பிடும். கிளினிக், வீட்டுத் தரிசிப்பு, திரிபோஷா சத்துமா கொடுப்பது, பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பது என்று பகல் ஓடிவிடும். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் முதல் 10 நாளுக்குள் இரண்டு தரம் போய்ப் பார்க்க வேண்டும். இரவில் போன் வரும். "மிஸ்ஸி, பிள்ளை பால் குடிக்குதில்லை." அந்தக் குரலைக் கேட்டு எனக்கு ஒருநாளும் எரிச்சல் வந்ததில்லை. முதல் பிள்ளைக்காரி வேறு யாரைக் கேட்பாள்? ஆனால் லீவிலும் காது அந்தப் போனிலேயே கிடக்கும். உடம்பு படுத்திருந்தாலும் களைப்பு ஆறாது.

அதனால் லீவுக்கு முதல்நாளே எனக்குப் பாதி லீவு முடிவாகிவிடும். நான் இல்லாத நாளில் என் பகுதிக்குப் பதில் கடமை பார்க்கிற பக்கத்துப் பகுதி மிஸ்ஸி அக்காவோடு இருந்து பதிவேட்டைப் புரட்டி, யாருக்குத் திகதி கிட்டுது, யாருக்குப் பிரஷர், எந்தப் பிள்ளைக்கு நிறை ஏறவில்லை என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பேன். தாய்மாருக்கு அக்காவின் நம்பரும் போகும். வாயால் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினால், மாங்குளம் வரமுன்னமே "அதைச் சொன்னேனா?" என்று மனம் குடையத் தொடங்கிவிடும்.

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்ப வேண்டும். ஒட்டுசுட்டானில் தம்பி மோட்டார் சைக்கிளோடு நிற்பான். முத்தையன்கட்டில் அம்மா வீடு.

வைகாசி, ஆனியில் போனால் பாலைப்பழம். அயலில் உள்ள அக்காமார் விடியக் காட்டுக்குப் போவார்கள். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும் என்பதால் யாரும் தனியப் போவதில்லை. பெட்டி நிறைய மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழங்கள். அப்படியே வாயில் போட்டால் பால் உதட்டை ஒட்டிவிடும். அம்மா முதலில் என் உதட்டிலும் விரலிலும் தேங்காயெண்ணெய் தடவிவிடுவா, இந்த வயதிலும். இரண்டு விரலால் மெல்ல நசுக்கினால் மினுங்குகிற கொட்டை வழுக்கி விழும். சதையை உறிஞ்சினால் அப்படியொரு தித்திப்பு. பிறகு அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது. பாலும் எண்ணெயும் பிசுபிசுக்கிற கையால் போனைத் தொடவே முடியாது. அறைக்குள் அது அடித்தால் அம்மாதான் எட்டிப் பார்ப்பா.

"அவசரமெண்டா சொல்லுறன் பிள்ளை, நீ இருந்து சாப்பிடு."

லீவென்றால் நல்லாய் நித்திரை கொள் என்பார்கள். எனக்கு அது மட்டும் போதாது. சும்மா படுத்திருந்தால் தலைக்குள் பதிவேடுதான் ஓடும். கைக்கு ஏதாவது வேலை வேண்டும், ஆனால் மணிக்கூடு பார்க்கத் தேவையில்லாத வேலை. பின்னேரம் குளக்கட்டில் ஜப்பான் மீன் வாங்கிவந்து கிணற்றடியில் இருந்து செதில் கழற்றுவேன். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியாதான் அது. இப்போது எங்கள் குளங்களில் வலை போட்டால் அதுதான் கூடப் படும். அம்மா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டு ஊர்க்கதை சொல்லுவா. யாருக்குக் கலியாணம், யாருடைய வயல் தண்ணியில்லாமல் கிடக்கு, யாருடைய மகன் வெளிநாட்டால் வந்து நிற்கிறான். நான் "ம்" கொட்டினால் போதும். யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற அந்த இரண்டு மணித்தியாலம் போல எனக்கு வேறெதுவும் இல்லை.

ஆடி பிறந்தால் பழம் குறைந்துவிடும். அதற்கு முன் அக்காவும் லீவு கேட்டிருக்கிறா. அவவின் பகுதிக்கு நான்தான் பதில் கடமை. எல்லாவற்றையும் எழுதித் தராமல் அவவைப் பஸ் ஏற விடமாட்டேன்.