துக்க வீட்டுக்குக் கொண்டுபோன இட்லி

2017 டிசம்பர் 13, காலை. நியூ ஜெர்சியில் கார்ட்டரெட் என்ற சின்ன ஊருக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடி முழுக்க ஆவி, உள்ளே சத்தமாகக் கிடார். அறுபது வயது மனிதர். அதுவரை "மார்னிங்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனதுக்குள் நான் அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

கண்ணாடியைத் தட்டினேன். "பாட் போயிட்டான்" என்றார்.

தம்பியா, மச்சானா தெரியவில்லை. அழுகிற மனுஷனிடம் அதைக் கேட்கவும் மனசு வரவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. காபியும் இட்லியும் அக்கம்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். இங்கே குளிர்காலத்தில் மாவு புளிக்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, ராத்திரி முழுக்க வைத்துப் பொங்கவைத்த மாவு இருந்தது. இரண்டு ஈடு அவித்து, சட்னியோடு தூக்குவாளியில் எடுத்துப் போனேன்.

அப்புறம்தான் சொன்னார். பாட் அவருக்குச் சொந்தமில்லை. ஸ்மிதரீன்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் பாடகர், பாட் டினிசியோ. முந்தின நாள் இறந்திருந்தார், வயது 62. நான் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி நின்றேன். "வச்சிட்டுப் போம்மா. இதுவும் சாவு வீடுதான்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எட்டு இட்லி சாப்பிட்டார்.

அன்று ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. அந்தக் குழுவில் நான்கு பேர். மூன்று பேர், டிரம்ஸ் டென்னிஸ் டைகன், கிடார் ஜிம் பாப்ஜாக், பேஸ் மைக் மெசாரோஸ், இதே கார்ட்டரெட் பள்ளிக்கூடத்துப் பையன்கள். பாட் மட்டும் பக்கத்து ஸ்காட்ச் ப்ளெயின்ஸ். 1980-இல் சேர்ந்தார்கள். அந்த வருடமே நான்கு பாட்டோடு ஒரு சின்ன இசைத்தட்டு. நான்கின் தலைப்பிலும் 'பெண்' உண்டு என்று அண்ணாச்சி விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். அப்புறம் ஆறு வருடக் காத்திருப்பு. இடையில் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டெழுதிய ஓடிஸ் பிளாக்வெல்லுக்குப் பின்னால் நின்று வாசித்திருக்கிறார்கள். முதல் முழு ஆல்பம் 1986-இல்தான் வந்தது. ஊரெல்லாம் சின்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டை வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் 1960-களின் கிடாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் காலத்து மெட்டு, கனத்த கிடார், மூன்று நான்கு நிமிடத்தில் முடிகிற பாட்டு. பவர் பாப் என்று இதற்குப் பெயர்.

நான் வளர்ந்தது சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். எங்கள் சித்தப்பா மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அம்மன் கொடைக்குச் சாமப் பூசை முடிந்து மேடை ஏறினால் விடிய விடியக் கச்சேரி. ரிக்கார்டில் இருப்பது அப்படியே வர வேண்டும் அவருக்கு. பாட்டுக்கு நடுவில் ஒரு இடத்தில் தபேலா ஒரு தட்டு தட்டிவிட்டு நிற்கும் என்றால், இங்கேயும் அதே இடத்தில் நிற்க வேண்டும். சீட்டில் எழுதி மேடைக்குக் கொடுத்த பாட்டு வரவில்லை என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் மைக்செட்காரரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். பிறகு ரிதம் பேட் வந்தது, தட்டினால் டிரம்ஸ் சத்தம் கொடுக்கும் மின்னணுப் பலகை. டிரம்ஸ் தூக்க வேன் வேண்டும், பேடுக்கு ஒரு பை போதும். சித்தப்பாவை மெல்ல மெல்லக் கூப்பிடுவதை விட்டார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஸ்மிதரீன்ஸுக்கும் அதுதான் நடந்தது. 1989-இல் வந்த ஒரு பாட்டு அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் 38-ஆம் இடம் வரை போனது. 1991-இல் சியாட்டில் பக்கத்திலிருந்து நிர்வானா என்ற ராக் குழு வந்தது, வானொலிக்காரர்களின் காது மாறிவிட்டது. பாட் சும்மா இருக்கவில்லை. 2000-இல் நியூ ஜெர்சியிலிருந்து செனட் தேர்தலில்கூட நின்றார். ரசிகர்களின் வீட்டுக் கூடத்துக்கே கிடாரோடு போய்ப் பாடினார்.

2007-இல் அவர்கள் செய்த காரியம்தான் என்னைக் கட்டிப்போட்டது. 1964-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பீட்டில்ஸ் ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டையும், அதே வரிசையில், முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பதிவு செய்தார்கள். சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சிலர் பேசியிருக்கலாம். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு பாட்டை உள்ளபடி வாசிக்க அதன்மேல் எவ்வளவு பிரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மதியம் முழுக்க டேப் ரிக்கார்டரில் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு, தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

இப்போது எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது. டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் பன்னிரண்டாம் எக்ஸிட்டில் இறங்கினால் நம் வீடு வந்துவிட்டது என்று மனசு லேசாகிறது. எண்ணெய் டேங்குகளின் வாடை உறைப்பதில்லை. இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காய் என்ன விலை என்று வாரம் தவறாமல் தெரியும். ஆனால் ஆர்தர் கில் நீரிணைக் கரையில் சாயங்காலம் நடக்கும்போது, எங்கோ ஒரு வீட்டு கராஜில் யாராவது டிரம்ஸ் அடித்தால் போதும். கால் நின்றுவிடுகிறது. வேப்பிலைத் தோரணமும், டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சியும், அம்மா மடியில் பாதித் தூக்கமும் வந்துவிடுகின்றன.

பாட் போன பிறகும் மற்ற மூவரும் குழுவைக் கலைக்கவில்லை. பாடகர் மார்ஷல் கிரென்ஷாவும், ஜின் பிளாசம்ஸ் குழுவின் ராபின் வில்சனும் மாறி மாறி வந்து பாடிக்கொடுத்தார்கள். 2019 கோடையில் ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்கு அண்ணாச்சி எங்களைக் கூட்டிப்போனார். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, நான் கட்டிக்கொண்டுபோன புளியோதரை. அன்று வில்சன் பாடினார். பாட்டைத் தனதாக்கிக்கொள்ளாமல் பாட்டுக்குப் பின்னால் நின்று பாடினார். அண்ணாச்சி இந்தத் தடவை அழவில்லை, வரிக்கு வரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு இரவு எட்டரை, ஊரில் காலை ஆறு. சித்தப்பா எழுந்து காபி குடித்திருப்பார் என்று வீடியோவில் கூப்பிட்டேன். சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. திரையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அங்க யாரு தாளம்? பேடா?"

"இல்ல சித்தப்பா, குச்சி. முதல் நாள்லேருந்து அதே ஆளு."

"அப்ப நீ பேசாத. போனை அந்தப் பக்கம் திருப்பு."