திருகோணமலையிலிருந்து பௌதிகவியல் ஒலிம்பியாட்: பரிசோதனைத் தாளுக்குத் தயாரான விதம்

பாடசாலை மாணவர்களுக்கான போட்டியான சர்வதேச பௌதிகவியல் ஒலிம்பியாடுக்கு இலங்கை அணியில் ஒருத்தியாகப் போய் வந்ததிலிருந்து, ஊரில் ஏ/எல் (உயர்தரம்) கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, என்ன புத்தகம் படிச்சனீங்கள்?" புத்தகத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. பரிசோதனைத் தாளைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. நாங்கள் பின்தங்குவது அங்கேதான், வீட்டிலிருந்தே சரிசெய்யக்கூடியதும் அதுதான். எந்த ஆண்டு, எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. அணியில் ஐந்தே பேர், மற்ற நால்வரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை.

இந்தப் போட்டி 1967இல் போலந்தின் வார்சாவில் தொடங்கியது. கோட்பாட்டுத் தாள் ஒன்று, பரிசோதனைத் தாள் ஒன்று, இரண்டுமே ஐந்து மணித்தியாலம். நடுவில் ஓய்வு விடுவார்கள். கோட்பாட்டில் மூன்று கேள்விகளுக்கு 30 புள்ளி, பரிசோதனைக்கு 20. மொத்தம் ஐம்பதில் இருபது! ஆனால் எங்கள் ஏ/எல் பரீட்சையில் செய்முறை என்பது அமைப்புக் கட்டுரை வினாவில் எழுதிக் காட்டும் விடயமாகத்தான் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கியைக் கையில் எடுக்காமலே அந்த வினாவுக்கு முழுப் புள்ளி வாங்கிவிடலாம். ஒலிம்பியாடில் அது நடக்காது. மேசையில் கருவிகளைத் தந்துவிட்டு, அளந்து காட்டு என்பார்கள்.

இலங்கையில் அணியைத் தேர்ந்தெடுப்பது இலங்கைப் பௌதிகவியல் நிறுவகம். தேசியச் சுற்றில் தேறிய பிறகு பயிற்சிக்குக் கொழும்புக்குப் போய்வர வேண்டியிருந்தது. இரவு ரயிலில் அப்பாவும் நானும் ஏறுவோம், விடியற்காலை கோட்டை ஸ்டேஷனில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு நேரே வகுப்பு. கொழும்புப் பிள்ளைகள் வீட்டில் தூங்கி எழும்பி வருகிற இடத்துக்கு நாங்கள் அப்படித்தான் போய்ச் சேரவேண்டும். இது நியாயமில்லை. தேர்வாகும் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தங்குமிடமாவது உறுதி செய்யப்பட வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கோட்பாட்டுப் பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன். உயிரியல் பிரிவு மாணவர்களும் இதே பௌதிகவியலைப் படிப்பதால் எங்கள் பாடத்திட்டம் வகையீடு, தொகையீட்டைத் தொடாமலே போகிறது. இணைந்த கணிதத்தில் படிப்பதை இங்கே கொண்டுவந்து பொருத்துவது நம் வேலை. சார்புக் கொள்கையைத் தனியாகப் படிக்க வேண்டும். பழைய தாள்கள் எல்லாம் விடைகளோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2017இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த போட்டியின் இரண்டாவது கேள்வி எரிமலை, நிலநடுக்கம், சுனாமி பற்றியது. அதைச் செய்த இரவு அப்பாவிடம் போய் அலையின் கணக்கைச் சொன்னேன். கடலின் ஆழத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம். நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு 200 மீற்றர், மணிக்கு எழுநூறு கிலோமீற்றருக்கு மேல். கரையை நெருங்க நெருங்க வேகம் குறையும், உயரம் கூடும். 2004இல் கடல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது எனக்கு நினைவு தெரியாத வயது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கணக்குப் போட்டிருந்தா ஆக்களை எழுப்ப நேரம் இருந்திருக்கும், என்ன பிள்ளை?" என்றார். ஓம் என்றேன். பௌதிகவியலை நான் விடாமல் படிப்பதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

இன்னொன்று. நாங்கள் கல்குலேட்டர் இல்லாமல் மடக்கை அட்டவணையோடு வளர்ந்தவர்கள். ஒலிம்பியாடில் கல்குலேட்டர் அனுமதி உண்டு, ஆகவே வேகமாக அடித்துப் பழக வேண்டும். ஆனாலும் அட்டவணைப் பழக்கம் வீணில்லை. பத்தின் அடுக்கு பிழைத்தால் எங்கள் கண்ணுக்கு உடனே தெரியும்.

சரி, பரிசோதனை. எளிய ஊசலில் தொடங்குங்கள். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் விரல் சுமார் 0.2 செக்கன் பிந்தும். இரண்டு செக்கன் எடுக்கும் ஓர் அலைவை மட்டும் அளந்தால் அது பத்து வீத வழு, அதாவது அளவீட்டுப் பிழை. இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே விரல் தரும் வழு அரை வீதம்தான். வகுப்பில் g-க்குப் பத்து என்று போடுகிறோம். மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கும் திருகோணமலையில் அது 9.78 அளவில் இருக்கும். நூல், அதில் குண்டாகத் தொங்கவிட ஒரு சாவிப்பூட்டு, அளவுநாடா ஆகியவற்றை வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்று பாருங்கள்.

அடுத்தது பழைய சீடி. அதன் தடங்களுக்கு இடையிலான தூரம் 1.6 மைக்ரோமீற்றர். சிவப்பு லேசரை அடித்துச் சுவரில் விழும் புள்ளிகளின் கோணத்திலிருந்து அந்தத் தூரத்தைக் கணிக்கலாம். விடை தெரிந்த பரிசோதனையை ஏன் செய்ய வேண்டும் என்று தங்கச்சி கேட்டாள். விடையைத் தெரிந்துகொள்ள அல்ல, வழுவைச் சரியாக மதிப்பிடுகிறோமா என்று பார்க்கத்தான். 1.5 வந்து, வழு 0.1 என்று எழுதினால் அது நேர்மையான அளவீடு. அதே 1.5-க்கு வழு 0.02 என்று எழுதினால், எங்கோ ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. லேசர் செங்குத்தாக விழாமல் இருந்திருக்கலாம், சுவருக்கான தூரம் பிழைத்திருக்கலாம். இந்த விசாரணையை எந்தப் புத்தகமும் நமக்காகச் செய்யாது. லேசரைக் கண்ணில் மட்டும் படவிடாதீர்கள். சீடியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் ஆபத்துத்தான்.

பிறகு ரேடியோ திருத்தும் கடையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல எல்ஈடிகளும் ஒரு மல்ட்டிமீற்றரும் வாங்கினேன். ஒவ்வொரு நிறமும் ஒளிரத் தொடங்கும் வோல்ற்றளவை அதன் அதிர்வெண்ணோடு வரைபாகப் போட்டால், அதன் படித்திறனிலிருந்து (கோட்டின் சரிவு) குவாண்டம் பௌதிகவியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலிக்குக் கிட்டிய பெறுமானம் வரும். எங்கள் வீட்டு மேசையில் அந்த எண் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பயண அலுவல்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலேயே கடவுச்சீட்டு விண்ணப்பம் இழுபடும்.

போட்டி நாட்களில் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். அணியோடு வரும் பொறுப்பாசிரியர்கள் கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிடுவதால் அவர்களைச் சந்திக்கவும் முடியாது. முதல்நாள் இரவிரவாக இருந்து தாளை மொழிபெயர்ப்பது அவர்கள்தான். பழகியது ஆங்கிலத் தாள்களில் என்பதால் நான் ஆங்கிலத்திலேயே வாங்கினேன். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகள் இதற்காகப் பின்வாங்க வேண்டாம். விடையில் முக்கால்வாசி சமன்பாடு, அட்டவணை, வரைபு.

புள்ளி போட்ட பிறகும் அலுவல் முடிவதில்லை. பொறுப்பாசிரியர்கள் திருத்தியவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளிக்கும் வாதாடுவார்கள். என் பரிசோதனைத் தாளில் அவர்கள் கூட்டி வாங்கித் தந்த புள்ளிகள், அலகும் வழுவும் போட்டு ஒழுங்காக எழுதிய அட்டவணையால் வந்தவை. வாதாட அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. எனக்குக் கௌரவக் குறிப்பு கிடைத்தது. பங்குபற்றுவோரில் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு பதக்கம் உண்டு, அதற்குச் சற்றுக் கீழே நின்றேன். அடுத்துப் போகிறவர் மேலே போகவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போட்டி நடக்கும் ஆண்டின் ஜூன் 30 அன்று இருபது வயது நிரம்பியிருக்கக் கூடாது, பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கியிருக்கவும் கூடாது. ஆகவே ஏ/எல் முதலாம் ஆண்டிலேயே தேசியச் சுற்றை எழுதிப் பாருங்கள். தவறினால் அடுத்த ஆண்டு இருக்கிறது. விண்ணப்பம் எப்போது என்று பௌதிகவியல் சேரிடம் இந்தத் தவணையே கேளுங்கள். எல்ஈடிகளும் லேசரும் என்னிடம் இருக்கின்றன, ஊரில் யாருக்குத் தேவையென்றாலும் தருவேன்.