மாமா வீட்டு மதிலும் எஸ்லோன் பைப்பும்

பேராதனையில் எஞ்சினியரிங் படிக்கிறவன் விடுமுறைக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டான் என்பதை முதலில் அறிந்துகொள்பவை, இஸ்திரிப் பெட்டி பழுதாகிக் கிடக்கும் வீடுகளே. முதலாம் வருடம் எல்லோருக்கும் பொதுப்பாடங்கள்தாம், பெறுபேற்றைப் பார்த்துத்தான் துறை பிரிப்பார்கள், எனக்குக் கிடைத்தது சிவில், கரண்டுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று எங்கள் வரிசைவீடுகளான லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி பலமுறை சொல்லியாகிவிட்டது. "ஒரே கெம்பஸ்தானே" என்பதே அதற்குக் கிடைக்கும் பதில்.

இந்த முறை மட்டும், என் துறைக்கே உரிய வேலையொன்று மழையோடு வந்து சேர்ந்தது. மாமா வீட்டுக் குசினிக்குப் பின்னாலிருக்கும் மண்திட்டு இரவோடு இரவாகச் சரிந்து, அத்தை அடுக்கி வைத்திருந்த விறகையும் கோழிக்கூட்டின் ஒரு காலையும் விழுங்கியிருந்தது. கோழிகள் தப்பிவிட்டன, அவற்றுக்கு இருந்த முன்யோசனை மாமாவுக்கு இல்லையென்று அத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கவனமாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறியே ஆகவேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கு. இதை நான் விளக்கியபோது, 150 என்றால் எத்தனை அங்குலம் என்று மாமா கேட்டார். ஏறக்குறைய ஆறு என்றேன். "ஆறு அங்குலமெல்லாம் ஒரு மழையா?" என்று வானத்தையே அவமானப்படுத்திவிட்டு, சேமலாப நிதிப் பணத்தில் மிச்சமிருந்ததைக் கொண்டு கருங்கல் மதில் கட்டுவதென்று அப்போதே தீர்மானித்தார்.

மேசன் பாஸ் வந்தார், வெற்றிலை போட்டார், திட்டைப் பார்த்தார், பத்தடி என்றார். என்னிடம் அளவு நாடா இருந்தது. அதுவும் பத்தடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் சொன்னது. அதன்பிறகு சாயத்தண்ணிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தங்கச்சியின் கணக்குக் கொப்பியில் நான் மண் அமுக்கத்தைக் கணிக்கத் தொடங்கினேன். மூன்று மீற்றர் உயர மதிலை, ஈரமில்லாத சாதாரண மண் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் ஏறத்தாழ 27 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும், அதாவது இரண்டே முக்கால் தொன் பாரம் படுக்கையாகச் சாய்ந்து நிற்பதற்குச் சமம்; அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் தேங்கிவிட்டால் அந்த விசை 56ஐத் தாண்டிவிடும். ஆகவே மதிலை விழுத்துவதில் மண்ணைவிடத் தண்ணீருக்கே கூடிய பங்கு. பாஸ் தலையை ஆட்டினார். மாமா ஆட்டவில்லை. ஈரக் களிமண் எப்படி இளகுகிறது என்று கேம்பிரிட்ஜ் மண்ணியல் அறிஞர்கள் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து 1963இல் உலகத்துக்கே எழுதிக் காட்டிய பேராசிரியர் துரைராஜா எங்கள் பீடத்தில் பீடாதிபதியாகவே இருந்தவர் என்ற பெருமையையும் எடுத்து வைத்தேன். "அவர் மதில் கட்டினாரா?" என்றார் மாமா.

அடுத்த சண்டை அகலத்தைப் பற்றியது. கல்லின் பாரத்தாலேயே நிற்கும் மதிலுக்கு, உயரத்தில் பாதிக்குக் குறையாத அகலம் அடியில் வேண்டும். மாமாவின் பின்முற்றமோ மொத்தமே ஆறடி. அதில் ஐந்தடியை மதிலுக்குக் கொடுத்துவிட்டு மிச்ச ஓரடியில் அத்தை எப்படித் திரும்புவார் என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அத்தைக்கு மட்டும் அது நியாயமாகப் படவில்லை. அதனால், ஒரே மதிலுக்குப் பதிலாகத் திட்டை இரண்டு படியாக வெட்டி, ஐந்தடியில் இரண்டு மதில் கட்டலாம் என்றேன். உயரம் பாதியானால் தள்ளும் விசை காலாகக் குறையும். கல்லும் அப்படியே காலாகும் என்பதால், இரண்டு குட்டி மதிலுக்கும் சேர்த்து, ஒரு பெரிய மதிலுக்குத் தேவையான கல்லில் பாதியே போதும். ஒன்றைவிட இரண்டு மலிவு என்ற இந்தக் கணக்கைக் கேட்டதும், கெம்பஸில் எனக்கு யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தோடு மாமா என் முகத்தையே பார்த்தார். கடைசியில் பாஸ்தான் கல்லை முற்றத்தில் பரப்பிக் காட்டி அவரை நம்ப வைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் பைப் வந்தது. மதிலுக்குப் பின்னால் சல்லி நிரப்பி, ஐந்தைந்து அடிக்கு ஒன்றாக மூன்று அங்குல எஸ்லோன் (பி.வி.சி.) பைப் வைத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும் என்றோம், நானும் பாஸும். மாமா ஒரேயடியாக மறுத்துவிட்டார். பெரியவளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பின்பக்கம் வந்து பார்த்தால் மதிலில் ஓட்டை தெரியும், பாம்பு வரும், எலி வரும், அந்தப் பக்கத்துச் சளி இந்தப் பக்கம் வரும். முன்வரிசையில் ஒருவர் ஒரு பொத்தலும் விடாமல் பூசி, பச்சை பெயின்ட் அடித்து வைத்திருக்கும் மதில்தான் அவருக்கு முன்மாதிரி. அந்த மதில் இப்போது நிறைமாதக் கர்ப்பிணிபோல முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது. சுகப்பிரசவம் எந்த மழையில் என்பதுதான் தெரியவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருந்ததற்குக் காரணம், இதைச் சொன்னவர் ஆயுள் முழுவதும் தேயிலை மலையில் கான், அதாவது வடிகால், வெட்டியவர் என்பதே. மலையில் விழும் மழையை மண்ணுக்குள் நிற்கவிடாமல், மண்ணையும் அரிக்கவிடாமல் மெதுவாகக் கழித்துவிடுவதற்குத்தான் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுகிறார்கள். அதன் வாட்டம் நூற்றிருபதுக்கு ஒன்று, அதாவது நூற்றிருபது அடி ஓடினால் ஓரடி இறக்கம். எனக்கு அதைப் பிடிக்க லெவல் கருவியும் மட்டக்கோல் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும், மாமாவுக்கு ஒரு கண்ணை மூடினால் போதும். அவ்வளவு தெரிந்தவர், சொந்தக் குசினிக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் வெட்கப்பட்டு உள்ளேயே நின்றுகொள்ளும் என்று நம்புகிறார்.

அதை நான் சொல்லியும்விட்டேன். மாமா கோபிக்கவில்லை. என்னை மேலே கூட்டிக்கொண்டு போய், அவர் காலத்தில் வெட்டிய கானைக் காட்டினார். அதில் முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. மண் தூர்ந்து, கான் எது, காடு எது என்று பிரித்தறிய முடியவில்லை. கான் வெட்ட இப்போது ஆள் போடுவதில்லையாம். பணம் கொழுந்துக்குத்தானே வரும், கானுக்கா வரும்? ஆக, அந்தக் கானில் ஓடியிருக்க வேண்டிய தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கி, மாமாவின் சேமலாப நிதியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மண்வெட்டியோடு நாமே இறங்கலாமா என்று கேட்டேன். தோட்டத்துக் கானில் கை வைத்தால் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும் என்றார். சரிந்த மண்ணுக்கு மட்டும் ஒரு கடிதமும் வரவில்லை.

இறங்கி வந்ததும், "பைப்பை வையுங்க பாஸ்" என்றார்.

மதில் முடிந்த பிறகு விழுந்த முதல் பெருமழையில் கீழ்வரிசைப் பைப்புகள் ஒழுகத் தொடங்கின. மறுநாள் காலையில் அவற்றின் கீழே எங்கள் லயத்து வாளிகள் அனைத்தும் வரிசையில் நின்றன, ஏனென்றால் எங்கள் தண்ணீர்ப் பீலியில் மழைநாளில் சேறுதான் வரும். பாத்திரம் கழுவ இதைவிட நல்ல தண்ணீர் இல்லையென்று எல்லோரும் பாராட்டியபோது, பைப் வைக்கச் சொன்னது தான்தான் என்று மாமா சொன்னதை நான் மறுக்கவில்லை. அத்தைக்கு மட்டும் குறை. பைப் தரையோடு இருப்பதால் குடம் வைக்க முடியவில்லை, இதை இரண்டடி உயர்த்திக் கட்டத் தெரியாமலா இவ்வளவு காலம் படிக்கிறாய் என்கிறார். தண்ணீர் எவ்வளவு தாழ வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு மதிலுக்கு நல்லது என்று அமுக்க முக்கோணமெல்லாம் கீறிக் காட்டினேன். கொப்பியை வாங்கி அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொண்டு, குடம் உட்காரும் அளவுக்குப் பைப்பின் கீழே குழி வெட்டித் தரும்படி மாமாவை ஏவியிருக்கிறார். மதிலின் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டக் கூடாது என்று சொல்வதற்காக நான் இப்போது பின்முற்றத்துக்குப் போகிறேன்.