அஞ்சடி விட்டுப் போங்க

சைக்கிளை முந்தும் வண்டி அஞ்சடி இடம் விட்டுப் போக வேண்டும். அதற்கு ரோட்டில் எவ்வளவு இடம் தேவை என்று பார்ப்போம். திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் ஓடும் சாதாரண இருவழித் தார் ரோடு ஏழு மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு மூன்றரை மீட்டர். சைக்கிள்காரர் தார் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரின் வலது நுனி விளிம்பிலிருந்து சுமார் 1.05 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து ஒன்றரை மீட்டர், அதாவது அஞ்சடி, விட்டால் 2.55. காரின் அகலம் 1.75. மொத்தம் 4.3 மீட்டர். ஆக, ஒரு கார் சைக்கிளை ஒழுங்காக முந்த வேண்டுமென்றால் நடுக்கோட்டைத் தாண்டி இரண்டரை அடிக்கு மேல் வலதுபக்கம் போயாக வேண்டும். லாரியும் பஸ்ஸும் இரண்டரை மீட்டர் அகலம். அவை அஞ்சடி தாண்ட வேண்டியிருக்கும்.

எதிரே வண்டி வரும்போது அப்படித் தாண்ட முடியாது. அப்படியென்றால் முந்தவும் கூடாது. "ஓரமாத்தானுங்க போறாரு, நுழைஞ்சுரலாம்" என்று நினைக்கும்போது அந்த இடத்தை ரோட்டிலிருந்து எடுப்பதில்லை, சைக்கிள்காரரின் முழங்கைப் பக்கத்திலிருந்துதான் எடுக்கிறோம். ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அஞ்சடி என்பது யாரோ ஆசைக்குச் சொன்ன அளவில்லை. மெதுவாகப் போகும் சைக்கிள் கோடு போட்ட மாதிரி நேராகப் போகாது; ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம் அசைந்துதான் போகும். மேடு ஏறினால் இன்னும் கூடும். குழி வந்தால் சொல்லாமல் விலகும்.

காத்திருந்தால் என்ன நட்டம்? மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் வந்தவர் பத்து நொடி சைக்கிளுக்குப் பின்னால் பதினைந்தில் உருண்டால் போவது சுமார் நாற்பது மீட்டர். அதே தூரத்தை ஐம்பதில் மூன்று நொடியில் கடந்திருப்பார். நட்டம் ஏழு நொடி. அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் அதைவிட அதிகம் போகும்.

ஒற்றைவழிக் கிராமத்து ரோடு, 3.75 மீட்டர் தார், கதையே வேறு. அங்கே அஞ்சடி கிடைக்காது. இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) வந்து சேரும் இடத்திலோ, தோட்டத்து வாசலிலோ சைக்கிள்காரர் ஒதுங்கிக் கால் ஊன்றும்வரை பின்னால் வருவதுதான் வழி. அவர் ஒதுங்கிய பிறகும் நடை வேகத்திலேயே முந்துங்கள்.

ஹாரன் விஷயம். பத்தடிக்குப் பின்னால் வந்து அழுத்தினால் சைக்கிள்காரர் வலப்பக்கம் தலையைத் திருப்புவார். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டிலும் திரும்பும். எந்தப் பக்கமாகப் போகப் பார்த்தீர்களோ அந்தப் பக்கமே சைக்கிள் வந்து நிற்கும். ஐம்பது, அறுபது மீட்டர் முன்னாலேயே ஒரு சின்ன 'பீப்' போதும். அவர் திரும்பிப் பார்த்து முடித்து மறுபடி நேராகிவிடுவார்.

இன்னொன்று, அடுத்தடுத்து ஒட்டி வரும் கார்கள். முன்னால் போகிறவர் சைக்கிளைப் பார்த்து வலதுபக்கம் விலகுவார். அவர் பின்னாலேயே வருகிறவருக்குச் சைக்கிள் கண்ணில் படுவது கடைசி நொடியில்தான். முன்னால் போகும் வண்டி காரணமில்லாமல் வலதுபக்கம் நகர்ந்தால் உடனே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். சைக்கிள்காரர்களும் ஒரு வண்டி போனதும் நிம்மதியாக உள்ளே வந்துவிடக் கூடாது. ரெண்டாவது வண்டிதான் ஆபத்து.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வருகிறேன். "ஓரமாப் போ கண்ணு" என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பாதிதான் சரி. தார் விளிம்பை ஒட்டியே ஓட்டினால் மூன்று தொல்லை. சரளையும் மணலும் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். சீமைக் கருவேல முள்ளும் அங்கேதான். இரண்டாவது, நீங்கள் ஒடுங்கிப் போகப் போக, பின்னால் வருகிறவருக்கு "இடம் இருக்கிறது" என்று தோன்றும். மூன்றாவதுதான் மோசம். தார் மேல் தார் போட்டுப் போட்டு விளிம்பு பக்கத்து மண்ணைவிட மூன்று, நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. மண்ணில் இறங்குவது சுலபம். ஏறும்போது விளிம்புக்கு ஒட்டியபடி சாய்வாக ஏற்றப் பார்த்தால் முன்சக்கரம் அந்தத் திட்டில் உரசிக்கொண்டே போகும், ஏறாது. உடம்பு மட்டும் வலதுபக்கம் சாயும். விழுவது ரோட்டுக்குள். இறங்கிவிட்டால் மண்ணிலேயே நின்று, பின்னால் பார்த்து, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறுங்கள்.

ஆகவே விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் உள்ளே. குறுகலான பாலம், வளைவு, குழி வரிசை வரும்போது இன்னும் உள்ளே வந்து, பின்னால் ஒரு பார்வை பார்த்து, கையைக் காட்டி, அங்கேயே நேராகப் போங்கள். அது திமிர் இல்லை. "இப்போது முந்த இடமில்லை" என்று சொல்லும் முறை அதுதான்.

இனி காற்று. வேறு ஊர்க்காரர்கள் எழுதும் பாதுகாப்புக் குறிப்புகளில் இது அதிகம் இருக்காது. நம்ம பக்கத்தில் இதுதான் முதலில் இருக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று உள்ளே இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். இருபது கிலோ சைக்கிள் எம்மாத்திரம். பல்லடத்திலிருந்து உடுமலைக்குத் தெற்கே போகிறீர்கள் என்றால் காற்று வலதுபக்கத்தில் அடிக்கும். தெரியாமலே உடம்பை வலதுபக்கம் சாய்த்துத்தான் நேராகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒரு லாரி முந்துகிறது. லாரி ஒரு சுவர். ஒரு நொடி காற்று அறுந்துவிடும். நீங்கள் சாய்ந்திருந்த சாய்வு மட்டும் மிச்சம். சைக்கிள் லாரிப் பக்கம் போகும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி அறைந்து இடதுபக்கம் மண்ணில் தள்ளும். எல்லாம் இரண்டு நொடிக்குள். லாரி தட்டாமலே ஆள் விழுவது இப்படித்தான்.

லாரி, பஸ் ஓட்டுகிறவர்களே, ஆனி ஆடியில் அந்த ரோட்டில் அஞ்சடி போதாது. எட்டடி விடுங்கள், வேகத்தையும் குறையுங்கள். சைக்கிள்காரர் செய்ய வேண்டியது: பெரிய வண்டிச் சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்துங்கள், முதுகைக் குனியுங்கள், முழங்கையை மடக்குங்கள், ஹேண்டிலை இறுக்காமல் பிடியுங்கள். விறைத்துப் பிடித்தால் காற்றின் ஒவ்வொரு தள்ளும் நேரே சக்கரத்துக்குப் போகும்.

திரும்பி வடக்கே வரும்போது காற்று இடதுபக்கம். அது உங்களை ரோட்டுக்குள் தள்ளும். தென்னந்தோப்பு முடிந்து வெறுங்காடு, அதாவது மரமில்லாத வெட்டவெளி, தொடங்கும் இடத்தில் பட்டென்று அடிக்கும். தோப்பு முடிவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி தயார். கோவையிலிருந்து பல்லடம் நோக்கிக் கிழக்கே போனால் காற்று முதுகில். மிதிக்காமலே வேகம் ஏறியிருக்கும், பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். மேற்கே திரும்பினால் எதிர்காற்று காதில் இரைந்து பின்னால் வரும் வண்டிச் சத்தத்தை விழுங்கிவிடும். அந்தத் திசையில் காதை நம்பாதீர்கள், திரும்பித் திரும்பிப் பாருங்கள். கேரியரில் புல்லுக்கட்டோ பிளாஸ்டிக் குடமோ இருந்தால் அது பாய்மரம். காற்றாலை இறக்கை ஏற்றி வரும் நீள டிரெய்லரைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், இறங்கி மண்ணில் நில்லுங்கள்.

ஸ்பீட் பிரேக்கரில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. மேட்டின் இடது ஓரத்தில் விட்டிருக்கும் ஒரு முழ இடைவெளியில் சைக்கிள் போகும். அதே இடைவெளியில் ஒரு சக்கரத்தையாவது இறக்கிவிடலாம் என்று பைக்கும் காரும் இடதுபக்கம் வெட்டும். சைக்கிள்காரர் பிரேக்கருக்கு முன்னாலேயே திரும்பிப் பாருங்கள். யாராவது வந்தால் மேட்டின் மேலேயே ஏறி இறங்குங்கள். உட்காராமல் பெடலில் நின்றால் முதுகுக்கும் வலிக்காது.

நீளமான கண்டெய்னர் லாரி இடதுபக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி வலதுபக்கம் ஒதுங்குவதைப் பார்த்து "நேராப் போறாரு" என்று இடது இடுக்கில் நுழைந்தவர் அந்தச் சக்கரத்துக்கும் ரோட்டோரக் கல்லுக்கும் நடுவே மாட்டுவார். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலதுபக்கம். இடது ஓரத்தில் கேபினை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. முன்பு கிளீனர் எட்டிப் பார்த்துக் கதவைத் தட்டுவார். இப்போது பல வண்டியில் கிளீனரே இல்லை. கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள். டவுன் பஸ் ஸ்டாப்பிலும் இதே விதி: நிற்கும் பஸ்ஸின் இடதுபக்கம் நுழைய வேண்டாம், ஆள் இறங்குவார்கள்.

கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்தார்கள். காருக்கு நல்லது. சைக்கிளுக்கு அப்படிச் சொல்ல முடியாது; நேராக ரோட்டைக் கடந்தால் முடிகிற வேலைக்கு, இடது ஓரத்திலிருந்து இரண்டு மூன்று வரிசை வண்டியைக் கடந்து வலது கோடிக்குப் போய்த் திரும்பி, மறுபடி அதே மாதிரி இடது கோடிக்கு வர வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த இளவட்டம் செய்யலாம். மற்றவர்கள் இறங்கி, ஜீப்ரா கோட்டில் உருட்டிக்கொண்டு கடப்பதுதான் சரி. யூ டர்ன் எடுக்கும் கார்க்காரர்களும் கவனிக்க வேண்டும்: அவிநாசி ரோட்டில் மேம்பாலத் தூண்களுக்கு நடுவிலிருந்து வெளியே வரும்போது தூண் மறைவில் ஒரு சைக்கிள் முழுசாக மறைந்துவிடும். மூக்கை நீட்டி நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்தச் சுற்றுக்குச் சோம்பித்தான் பலர் எதிர்த்திசையில் வருகிறார்கள். காரணம் புரிகிறது, கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறுபதில் வரும் காரும் பதினைந்தில் போகும் சைக்கிளும் ஒரே திசையென்றால் நெருங்கும் வேகம் 45. எதிரெதிர் என்றால் 75. அதோடு, சந்திலிருந்து இடதுபக்கம் ஏறுகிற டிரைவர் வலதுபக்கம்தான் பார்ப்பார். நீங்கள் வருவது அவர் பார்க்காத பக்கத்திலிருந்து.

ராத்திரி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட பதினேழு மீட்டர் போகும். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி: 25 மீட்டர். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 20. மொத்தம் 45. டிம் லைட்டில் கறுப்புச் சட்டை போட்ட ஆள் முப்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் ஆளாகத் தெரிவார். மிச்சம் 15 மீட்டருக்கு யாரிடமும் விடை இல்லை. ரிஃப்ளெக்டர் நூறு மீட்டருக்கு அப்பாலேயே மின்னும். திருப்பூரில் கம்பெனி விட்டு இருட்டில் வீடு போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு பெடலிலும் ரிஃப்ளெக்டர். பெடல் மேலும் கீழும் ஆடுவதால் "இது சைக்கிள்" என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். மட்கார்டில் இருக்கும் சிவப்பு வில்லையை நம்பிப் புல்லுக்கட்டை ஏற்றாதீர்கள்; கட்டு அதை மூடிவிடும். ஒட்டும் ரிஃப்ளெக்டர் பட்டையைக் கட்டின் கயிற்றிலேயே சுற்றுங்கள்.

எதிர்வண்டி ஹை பீம் கண்ணில் அடிக்கும்போது உங்கள் பக்கத்து ஓரம் முழுக்க இருட்டாகிவிடும், சைக்கிள் இருப்பதும் அந்த இருட்டில்தான். வெளிச்சத்தைப் பார்க்காமல் இடது வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக. இரும்பு ரிம்மில் மழைத்தண்ணீர் இருந்தால் முதல் சில சுற்றுக்குக் கட்டை வழுக்கும். மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் புதுச் சைக்கிளை ஓட்டும் முன் கடையில் விட்டு ஹேண்டில் போல்ட், சீட் போல்ட், இரண்டு அச்சு நட்டு, பெடல் எல்லாவற்றையும் முறுக்கி, பிரேக் கட்டை டயரில் உரசாமல் ரிம்மில் படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. கம்பிகள் தளர்ந்து சக்கரம் கோட்டம் விழுந்திருக்கும்.

நிறுத்திய காரில் வலதுபக்கக் கதவை டிரைவர் இடக்கையால் திறக்க வேண்டும். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் தெரியும். இடதுபக்கம் உட்கார்ந்தவருக்கு வலக்கை.

அடிபட்டால் 108. ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். ஆளைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கவும் வேண்டாம். உதவ வருகிறவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கும். வண்டி எண்ணை யாராவது ஒருவர் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அடி லேசு, எழுந்துவிட்டார் என்றாலும் உடனே ஏறி ஓட்டக் கூடாது. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பி நேராக்கலாம். பிறகு பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையை (ஃபோர்க்) பாருங்கள். பின்பக்கம் மடங்கியிருந்தால், பெயின்ட் வெடித்திருந்தால், அன்றைக்கு உருட்டிக்கொண்டுதான் வீடு போக வேண்டும்.